வேடிக்கை பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தென்கோடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஞாயிறு மாலைகளில் நாங்கள் சிலர் மொட்டை மாடியில் கூடுவோம். பேச்செல்லாம் கண்ணெதிரே கிடக்கும் அற்ப விஷயங்களைப் பற்றித்தான்: பல்லி, சில்லறைக் காசு, தோசைக்கல், நிலா. புதிதாக வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்ட வாக்கிலேயே தொகுத்துவிட்டேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் சில பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

"வேடிக்கை பார்க்கிறதுக்கு ஒரு கூட்டமா? அதான் எல்லாரும் பார்க்கிறோமே!"

பார்ப்பது எல்லாரும்தான். எங்கள் கூட்டத்துக்கு இருப்பது ஒரே விதி: வரும்போது ஒரு கேள்வியோடு வர வேண்டும். "பல்லி ஏன் கண்ணாடியில் வழுக்குவதில்லை?", "ஒரே மாதிரி ஐந்து ரூபாய்க் காசு, ஒன்றில் நட்சத்திரம் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை, ஏன்?" இந்த மாதிரி. விடையை வீட்டிலேயே, செலவில்லாமல் சரிபார்க்க முடிந்தால் இன்னும் விசேஷம்.

"தினமும் மூன்று சந்தோஷங்களை டைரியில் எழுதுங்கள்" என்ற அறிவுரையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பிடித்தவர்கள் எழுதலாம். எனக்கு அது வீட்டுப்பாடம் மாதிரி இருக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி உட்கார்ந்தால் கொட்டாவிதான் வருகிறது. ஒரு சின்னக் கேள்வியின் பின்னால் போனால், பாதி வழியில் மனசு தானாக லேசாகிவிடுகிறது.

"எதிலிருந்து ஆரம்பிக்கிறது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

உங்கள் சட்டைப்பையிலிருந்து. ஒரு காசை எடுத்து அச்சிட்ட ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சின்ன நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத் நாணயச்சாலையில் அடித்தது. வைர வடிவம் இருந்தால் மும்பை. ஒரு புள்ளி இருந்தால் நொய்டா. எந்தக் குறியும் இல்லாவிட்டால் கொல்கத்தா. காய்கறிக் கடையில் கொடுத்த மீதிச் சில்லறையில் நான்கு ஊர்களும் சேர்கின்றனவா என்று தேடுவது, பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்துக்கு அளவான வேலை.

அடுத்து ரூபாய் நோட்டு ஏதாவது ஒன்றைத் திருப்புங்கள். பின்பக்கம் ஒரு கட்டத்தில் 15 மொழிகளில் அதன் மதிப்பு எழுதியிருக்கும். தமிழ் கீழிருந்து மூன்றாவது. ஏன் அங்கே என்றால், மொழிகளின் ஆங்கிலப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். அசாமியில் தொடங்கி உருதுவில் முடிகிறது. 500 ரூபாய் நோட்டின் முன்பக்க ஓரங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் மேடான சாய்கோடுகள் ஐந்து தட்டுப்படும். 100 ரூபாயில் நான்கு. பார்வையற்றவர்கள் நோட்டை அடையாளம் காண வைத்தவை அவை. கசங்கிப் பழசான நோட்டில் விரலுக்கு எதுவும் தட்டுவதில்லை என்பதையும் அப்போது கவனிப்பீர்கள்.

"அப்போ பழைய காசெல்லாம் லட்சக்கணக்குல போகுதாமே, நெட்டுல விக்கலாமா?"

இந்தக் கேள்வி வராத ஞாயிறு இல்லை. அரிய நாணயங்களுக்கு உண்மையான சந்தை உண்டு. ஆனால், "உங்கள் ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று வருவது மோசடி. பழைய காசு வாங்குவதாகச் சொல்லித் தங்கள் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம், கமிஷன், வரி கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. நான்கு ஊர்க் காசையும் சேர்த்துப் பாருங்கள், பிறகு அதிலேயே டீ குடியுங்கள்.

"எனக்கு நேரமே கிடையாதுங்க. காலைல எழுந்தா அடுப்படி, அப்புறம் ஆபீஸ், திரும்ப அடுப்படி."

அப்படியானால் அடுப்படியிலேயே வைத்துக்கொள்ளலாம். தோசைக்கல் காய்ந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளிக்கிறீர்கள் அல்லவா? கல் மிதமாகச் சுட்டிருந்தால் துளி 'சுர்'ரென்று பரவி மறைந்துவிடும். கல் அளவுக்கு மேல் சுட்டுவிட்டால், அதே துளி மறையாமல் உருண்டையாகத் திரண்டு கல்மேல் ஓடி விளையாடும். சூடு கூடினால் இன்னும் சீக்கிரம் ஆவியாக வேண்டியதுதானே, ஏன் நிற்கிறது? சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் துளியின் அடிப்பக்கம் நொடியில் ஆவியாகி, அந்த ஆவிப்படலமே துளியைக் கல்லில் ஒட்டவிடாமல் தூக்கிப் பிடிக்கிறது. ஆவி வழியே சூடு மெதுவாகத்தான் ஏறும். ஜெர்மனியைச் சேர்ந்த லைடன்ஃப்ராஸ்ட் என்ற மருத்துவர் 1756-இல் இதைப் பற்றி எழுதினார், அதனால் அவர் பெயரே நின்றுவிட்டது. துளி உருண்டோடினால் அடுப்பைக் குறைத்து, இன்னொரு தடவை தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு மாவை ஊற்றுங்கள். இல்லையென்றால் கரண்டியோடு மாவும் சுருண்டு வந்துவிடும்.

கடுகு வெடிப்பதும் ஆவியின் வேலைதான்: உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் தோலைக் கிழிக்கிறது. பால் பொங்குவதில் ஆவியோடு ஏடும் சேர்ந்துகொள்கிறது. வெறும் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் அப்படி எழும்பி வழிவதில்லை, ஏனென்றால் குமிழிகளைப் பிடித்துவைக்க அதில் ஏடு கிடையாது. இவற்றுக்கெல்லாம் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். எப்படியும் அடுப்பின் முன்தான் நிற்கிறீர்கள்.

"மண்பானைத் தண்ணி எங்க ஊர்ல ஜில்லுனு இருக்கும், சென்னையில இல்லையே. பானை சரியில்லையா?"

பானை மேல் பழி போடாதீர்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளியே ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று ஏற்கனவே ஈரமாக இருக்கும் கடலோர ஊரில் ஆவியாவது குறைவு, அதனால் குளிர்ச்சியும் குறைவு. கரூர், ஈரோடு பக்கத்து வறண்ட வெயிலில் அதே பானை நன்றாக வேலை செய்யும். சென்னையிலேயே காற்றோட்டமான ஜன்னல் ஓரத்தில் ஒன்று, மூலையில் ஒன்று என்று இரண்டு பானைகளை வைத்து, மதியம் இரண்டிலும் குடித்துப் பாருங்கள்.

"நாங்க ஃபிளாட்டு. மரம் இல்ல, செடி இல்ல. எங்க வீட்டுல பார்க்க என்ன இருக்கு?"

டியூப்லைட் பக்கத்தில் ஒருத்தர் இருப்பாரே. பல்லியின் விரலடியில் பசையும் கிடையாது, உறிஞ்சானும் கிடையாது. வரிவரியான மடிப்புகளில் லட்சக்கணக்கான நுண்மயிர்கள், ஒவ்வொன்றும் நுனியில் இன்னும் நுண்ணியதாகப் பிரிந்திருக்கும். சுவருக்கு அவ்வளவு நெருக்கமாக அவை பொருந்துவதால், மூலக்கூறுகளுக்கிடையே இயல்பாக உள்ள மெல்லிய ஈர்ப்பே பல்லியின் எடையைத் தாங்கப் போதும். ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் அது வரும் இரவில், உள்ளிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். விரல் மடிப்புகள் தெரியும். பெண் பல்லியாக இருந்தால் வயிற்றுத் தோலின் வழியே இரண்டு வெள்ளை முட்டைகளும் சில சமயம் தெரியும். வழவழப்பான டெஃப்லான் பூச்சில் மட்டும் பல்லியால் ஒட்டிக்கொள்ள முடிவதில்லை. சோதிக்கிறேன் என்று தவாவோடு கிளம்பிவிடாதீர்கள், பாவம்.

செடி இல்லை என்றால் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வாங்கி வையுங்கள். கருப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று எப்படியோ மோப்பம் பிடித்து நாலாவது மாடிக்கும் வந்து முட்டையிடும். குட்டிப் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும், அதனால் பறவைகள் ஒதுக்கிவிடும். வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு இலையாகக் கலந்துவிடும். குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி சிவந்த கொம்பு ஒன்று நீண்டு, ஒரு நெடி வரும். எதிரியை விரட்டும் ஏற்பாடு அது. இத்தனை வித்தைக்கும் விலை, ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லாமல் போவது. புழுவைப் பார்த்ததும் மருந்து அடிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் கஷ்டமான பகுதி.

"குளவி வந்து சுவத்துல மண்ணு கூடு கட்டுது. இடிச்சுடலாமா?"

மண்கூடு கட்டும் தனிக் குளவிகள் கூட்டமாக வந்து தாக்குகிறவை இல்லை. குழந்தைகள் கை எட்டாத இடமென்றால் விட்டுவிட்டுப் பாருங்கள். "கொட்டக் கொட்டப் புழு குளவியாகும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதை முதலில் சொன்னவர் எதையும் கற்பனை செய்யவில்லை. குளவி புழுவைக் கொண்டுபோய் உள்ளே அடைத்ததைப் பார்த்திருக்கிறார். சில வாரம் கழித்துக் குளவி வெளியே வந்ததையும் பார்த்திருக்கிறார். நடுவில் நடந்ததுதான் மண்ணுக்குள் மறைந்துவிட்டது.

குளவி, புழுவைக் கொல்லாமல் கொட்டி முடக்கிப்போட்டு, அதோடு தன் முட்டையையும் வைத்து வாயை அடைக்கிறது. சில வகைகள் புழுவுக்குப் பதில் சிலந்தியைப் பிடிக்கும். முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சு, கெட்டுப்போகாத அந்த உணவைத் தின்று வளர்கிறது. கூட்டில் துளை விழுந்துவிட்டால் உள்ளே இருந்தது பறந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காலிக் கூட்டைத் தாராளமாகப் பெயர்த்தெடுத்து உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கலாம். கொத்தாகத் தொங்கும் காகிதக் கூடு வேறு சங்கதி, அதைத் தொடாதீர்கள்.

"இந்தக் குயில் ஏன் காலைல நாலு மணிக்கே உயிரை வாங்குது?"

அது ஜோடி தேடும் ஆண். ஏறிக்கொண்டே போகும் அந்த 'கூ-ஊ' ஆணின் குரல். பெண் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், 'கிக் கிக் கிக்' என்று அவசரமாகத்தான் கத்தும். நன்றாகப் பாடும் பெண்களைக் குயில் என்று காலம் காலமாகப் புகழ்ந்துவருகிறோம், அந்தப் புகழ் முழுக்க ஆண்குயிலுக்குப் போக வேண்டியது.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை காது கொடுங்கள், கூடவே காக்கைக் கூட்டையும் கவனியுங்கள். குயில் கூடு கட்டாது, காக்கை முட்டைகளோடு தன்னுடையதையும் இட்டுவிட்டுப் போய்விடும். காக்கைகள் ஒரு கருப்புப் பறவையைத் துரத்திக்கொண்டு போவதைப் பார்த்தால், அது ஆண்குயில்தானா, கண் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் தெரிந்தபின் நாலு மணிக்குத் தூக்கம் கலையாமல் இருக்குமா என்றால், கலையும். எரிச்சல் மட்டும் கொஞ்சம் குறைகிறது.

"ஜாதகத்துல சொல்ற நட்சத்திரமெல்லாம் நிஜமாவே வானத்துல இருக்கா?"

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. இருக்கிறது, பெரும்பாலானவற்றை வெறும் கண்ணால் பார்க்கலாம். நிலா வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட நட்சத்திரத்துக்கே திரும்ப 27 நாளும் கொஞ்சமும் ஆகிறது. அதனால் அதன் பாதையை 27 பங்காக்கி, ஒவ்வொன்றுக்கும் அங்குள்ள விண்மீன் அல்லது விண்மீன்கூட்டத்தின் பெயரை வைத்தார்கள். நீங்கள் பிறந்த நேரத்தில் நிலா எந்தப் பங்கில் நின்றதோ அதுதான் உங்கள் நட்சத்திரம். ஜோசியத்தை நம்புகிறீர்களா இல்லையா என்பது வேறு விவகாரம், இந்த முகவரி வானத்தில் இருக்கிறது.

டிசம்பர், ஜனவரியில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பாருங்கள். சின்னக் கொத்தாக மினுங்குவது கார்த்திகை. அதற்குக் கீழே செம்மஞ்சளாக ரோகிணி. இன்னும் கீழே, வரிசையாக மூன்று மீன்கள் இருக்கும் பெரிய கட்டத்தின் ஒரு மூலையில் சிவப்பாக எரிவது திருவாதிரை. அதன் அருகே மங்கலான முக்கோணம் மிருகசீரிடம். மே மாதம் இரவு ஒன்பது மணிக்கு உச்சிப் பக்கம் பளிச்சென்று தெரிவது சுவாதி, அதற்குத் தெற்கே சித்திரை. ஜூலையில் தெற்கு வானில் சிவந்திருப்பது கேட்டை.

இப்போது திருவிழாக்களை நினைத்துப் பாருங்கள். தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், கார்த்திகை தீபம். எல்லாமே முழுநிலா அந்தந்த நட்சத்திரத்தின் பக்கம் நிற்கும் நாள்கள், ஒருநாள் முன்பின் இருக்கலாம். அடுத்த கார்த்திகை தீபத்தன்று அகல் ஏற்றி முடித்ததும் நிலாவுக்குப் பக்கத்தில் அந்தக் கொத்தைத் தேடுங்கள். நிலா வெளிச்சத்தில் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. சுவாதி நம்மிடமிருந்து சுமார் 37 ஒளியாண்டுத் தொலைவு, ரோகிணி சுமார் 65. உங்களுக்கு 37 வயதென்றால், இன்று கண்ணில் படும் சுவாதியின் வெளிச்சம் நீங்கள் பிறந்த சமயத்தில் கிளம்பியது. எங்கள் கூட்டத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் ரோகிணியைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள், ஜாதகத்தில் என்ன இருந்தாலும்.

"சென்னை வானத்துல நட்சத்திரமே தெரியாதே?"

மங்கலானவை தெரியாது. மேலே சொன்னவற்றில் மிருகசீரிடம் தவிர மற்றவை, தெருவிளக்கு கண்ணில் விழாத மூலையில் பத்து நிமிடம் நின்றால் தெரியும். அந்தப் பத்து நிமிடம் போனைத் தொடக் கூடாது, தொட்டால் கண் இருட்டுக்குப் பழகியது வீணாகிவிடும். எதுவும் புரியவில்லை என்றால் தினசரி காலண்டர் தாளில் இன்றைய நட்சத்திரம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். நிலா இன்று அதன் அருகில்தான்.

"நிழலே விழாத நாள்னு ஒண்ணு இருக்காமே, கதையா?"

கதை இல்லை. தமிழ்நாட்டில் எந்த ஊரானாலும் வருடத்தில் இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். சென்னையில் ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலும் செப்டம்பர் தொடக்கத்திலும். செங்குத்தான கம்பியின் நிழல் அந்த நேரத்தில் காலடிக்குள் ஒடுங்கிவிடும். டெல்லிக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. கடகரேகைக்கு வடக்கே சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வருவதில்லை.

கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்ததும் வீட்டுக்குள் போய்விடாதீர்கள். நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது, சென்னை அதற்கு மேற்கே இருக்கிறது. ஏப்ரலில் 12 மணி 7 நிமிட வாக்கில்தான் சென்னையில் உண்மையான உச்சி. மொட்டை மாடியில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் போதும். நேர்ப்பக்கமுள்ள டம்ளராக இருக்கட்டும், சாய்ந்த பக்கம் ஏமாற்றிவிடும்.

"பஸ், ரயில்ல போறப்போ போனைத் தவிர என்ன பார்க்கிறது?"

ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும். வழிநெடுகக் குறித்துக்கொண்டே போனால் நீங்கள் ஏறுகிறீர்களா இறங்குகிறீர்களா என்பது தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை ரயிலில் போனால் சுமார் 46 கிலோமீட்டரில் ஏறக்குறைய 330 மீட்டரிலிருந்து 2,200 மீட்டருக்கு எண்கள் எகிறும். கடைசிப் பெட்டியின் பின்னால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி இருக்கும். வண்டி முழுதாகக் கடந்துவிட்டது, பெட்டி எதுவும் வழியில் கழன்று நிற்கவில்லை என்று நிலையத்தில் இருப்பவர்கள் அறிந்துகொள்ள அது.

பஸ்ஸில் என்றால் கடைப் பலகைகளின் பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த ஏற்பாடு. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு வட்டாரம். 600 சென்னை, 625 மதுரை, 627 திருநெல்வேலி. 9-இல் தொடங்கினால் ராணுவத் தபால்.

"கூகுள் லென்ஸ்ல காட்டினா பேரு வந்துடுதே, அப்புறம் என்ன பார்க்க?"

பெயர் கிடைத்ததும் பலர் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் என் மனக்குறை. முதலில் ஒரு ஐந்து நிமிடம் பாருங்கள், பிறகு காட்டுங்கள். செயலி பூச்சிகளில் தவறாகவும் சொல்லும், நீங்கள் உற்றுப் பார்த்திருந்தால்தான் தவறு பிடிபடும்.

"பையனுக்கு இதுல ஆர்வம் வர என்ன செய்யணும்?"

கேள்வித்தாள் ஆக்காதீர்கள். "ஹைதராபாத் குறி என்ன சொல்லு?" என்று விருந்தாளி முன்னால் நிறுத்திக் கேட்டால் அன்றோடு முடிந்தது. நீங்கள் தோசைக்கல் துளியை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனாகவே வந்து எட்டிப் பார்ப்பான். வராவிட்டாலும் தோசை உண்டு.

"பல்லி சொல்லுக்கு எங்க பாட்டி பலன் பார்ப்பாங்க. இப்படி அறிவியலாப் பேசினா அந்த ரசனையே போயிடாதா?"

பாட்டியிடமிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. கௌளி சாஸ்திரம் பார்க்க, பல்லி எந்தத் திசையில் எப்போது சத்தமிட்டது என்று கவனித்திருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் அதைக் கவனிக்கிறோம்? அந்த 'இச் இச்' பெரும்பாலும் இன்னொரு பல்லிக்கு "இது என் இடம்" என்று சொல்வது. பலனை விட்டுவிட்டு, பாட்டி போலத் திசையும் நேரமும் ஒரு வாரம் குறித்துவைத்தால், உங்கள் வீட்டில் எத்தனை பல்லிகள், எது எந்தச் சுவருக்குச் சொந்தக்காரர் என்று தெரிந்துவிடும். குளவிப் பதிலில் சொன்னதுதான் இங்கேயும்: பார்த்தது சரி, விளக்கம் வேறு.

"மனசு ரொம்பப் பாரமா இருக்கு. இதெல்லாம் செஞ்சா சரியாகுமா?"

அலுப்பு, சலிப்பு, வேலை எரிச்சல் என்றால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கலாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, பிடித்த சாப்பாடும் இறங்கவில்லை என்றால் இது மருந்தாகாது. அந்த நிலையில் இருப்பவரிடம் "நட்சத்திரத்தைப் பாருங்களேன்" என்று சொல்வது கொடுமை. மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

"பூதக்கண்ணாடி, பைனாகுலர் ஏதாவது வாங்கணுமா?"

முதல் வருடம் ஒன்றும் வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்குக் கண்ணாடி ஒன்று. அதைப் பொருளிடம் நீட்டாமல், கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு பொருளை அருகே கொண்டுவர வேண்டும். முதலில் தூள் உப்பைப் பாருங்கள், குட்டிக் குட்டிக் கனசதுரங்களாக இருக்கும். பக்கத்திலேயே நாலு சர்க்கரையையும் தூவி, வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள். பைனாகுலர் நிலாவுக்கும் கார்த்திகைக்கும் நன்றாக இருக்கும், இரவல் கிடைத்தால் போதும். கண்ணாடியோ பைனாகுலரோ, எதன் வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது. நிழலில்லா நாளன்று டம்ளரை மட்டும் பாருங்கள்.